எபாக்சி பிரைமரில் சிலேன் அளவு: "யாருக்கும் எளிதில் தோன்றக்கூடியது" என்று காப்புரிமை மறுப்பு. எப்படிப் பதில் சொல்வது?

பூச்சுக்கூடம் கேட்டது:

வணக்கம். அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்திலிருந்து எங்கள் விண்ணப்பத்துக்கு முதல் மறுப்பு வந்திருக்கிறது. பதிலை எழுதப்போவது வழக்கறிஞர்தான், ஆனால் வேதியியல் பக்கத்தை அவருக்கு எடுத்துக் கொடுக்க வேண்டியவன் நான். விண்ணப்பம் ஏற்கெனவே வெளியாகிவிட்டது, நான் இங்கே சொல்வதெல்லாம் அதில் இருப்பதுதான், அதனால் ரகசியம் எதுவும் இல்லை.

எஃகுக்கான இரண்டு பாக எபாக்சி பிரைமர் இது. ஒரு பாகத்தில் எபாக்சி ரெசின், துருவைத் தடுக்கும் நிறமியான ஜிங்க் பாஸ்பேட், மற்ற ஃபில்லர்கள். இன்னொன்றில் பாலிஅமைடு ஹார்டனர். இதோடு ரெசினை உலோகத்தோடு ஒட்டவைக்கும் கிளைசிடாக்சிப்ரோபைல் ட்ரைமெத்தாக்சி சிலேன், மொத்தத் திடப்பொருள் எடையில் 0.3 முதல் 0.8 சதவீதம். ஜிங்க் பாஸ்பேட் 5 முதல் 20 சதவீதம். முதல் கோரிக்கை, அதாவது எதற்குக் காப்புரிமை கேட்கிறோம் என்று வரையறுக்கும் வாசகம், இவ்வளவுதான்.

விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் அலுவலக எக்ஸாமினர் இரண்டு பழைய ஆவணங்களைக் காட்டுகிறார். முதல் ஆவணத்தில் எங்களுடையதைப் போன்ற எபாக்சி பிரைமர் இருக்கிறது, ஜிங்க் பாஸ்பேட்டும் அதே அளவில். சிலேன் இல்லை, ஆனால் "தேவைப்பட்டால் ஒட்டுதலைக் கூட்டும் பொருள் சேர்க்கலாம்" என்று ஒரு வரி இருக்கிறது. இரண்டாம் ஆவணம் அலுமினியத் தகட்டுக்கான எபாக்சி பூச்சு. அதில் ஜிங்க் பாஸ்பேட் கிடையாது, அதே சிலேன் 1 முதல் 5 சதவீதம். அதோடு "சுமார் 1 சதவீதத்துக்குக் குறைந்தால் ஒட்டுதல் போதாது" என்றும் சொல்கிறது. இரண்டையும் சேர்ப்பது எவருக்கும் தோன்றும், அளவைக் கொஞ்சம் குறைத்துப் பார்ப்பது வழக்கமான சோதனை வேலை, ஆகவே காப்புரிமை கிடையாது என்பது அவர் வாதம்.

எனக்கு இது ஏற்கவே முடியவில்லை. சிலேனைக் குறைத்தபோது உப்புத் தெளிப்புச் சோதனையில் கீறலிலிருந்து துரு ஊரும் தூரம் கணிசமாகக் குறைந்தது. இரண்டாம் ஆவணமோ 1 சதவீதத்துக்குக் கீழே போகாதே என்கிறது. அது சொன்னதற்கு நேர் எதிராகப் போய் நல்ல முடிவு கண்டிருக்கிறோம். இந்த ஒரு வாதமே போதாதா? அல்லது இது உண்மையிலேயே எளிதில் தோன்றக்கூடிய கலவைதானா? நேராகவே சொல்லுங்கள்.

கோரிக்கைவாசகன் பதில்:

நேராகவே சொல்கிறேன். "போகாதே என்றார்கள், நாங்கள் போனோம்" என்ற வாதத்தை மட்டும் நம்பிப் போனால் தோற்பீர்கள். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாக வரும்.

எளிதில் தோன்றக்கூடியதா என்பதை அமெரிக்காவில் 1966ஆம் ஆண்டின் கிரஹாம் எதிர் ஜான் டீர் தீர்ப்பு போட்டுக் கொடுத்த சட்டகத்தில்தான் இன்றும் பார்க்கிறார்கள். பழைய ஆவணங்கள் என்ன சொல்கின்றன, உங்கள் கோரிக்கை எதில் வேறுபடுகிறது, துறையில் சாதாரணத் திறமை உள்ள ஒருவருக்கு எவ்வளவு தெரிந்திருக்கும், அப்புறம் எதிர்பாராத முடிவு, வணிக வெற்றி, நெடுநாள் தேவை போன்ற வெளிச்சான்றுகள். உங்கள் ஆவணங்களை இதில் வைத்தால் முதல் மூன்றும் எக்ஸாமினர் பக்கமே சாய்கின்றன. முதல் ஆவணமே ஒட்டுதலைக் கூட்டும் பொருளைச் சேர்க்கச் சொல்கிறது, அப்படிப்பட்ட பொருள் எது என்று இரண்டாவது சொல்கிறது. பட்டியலைப் படித்துத் தெரிந்த தேவைக்குத் தெரிந்த பொருளைத் தேர்ந்தெடுப்பதில் கண்டுபிடிப்பு இல்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1945லேயே சொல்லிவிட்டது. சின்க்ளேர் அண்ட் கேரல் வழக்கு, அச்சு மையில் கரைப்பான் தேர்வு பற்றியது, உங்கள் துறைக்குப் பக்கத்து வீடு. 2007ல் வந்த கேஎஸ்ஆர் தீர்ப்புக்குப் பிறகு, இரண்டையும் சேர்க்கும் காரணம் ஆவணத்தில் எழுத்து எழுத்தாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. உங்களுக்கோ எழுத்திலேயே இருக்கிறது.

இன்னொன்று. ஒட்டுதலுக்காக சிலேன் சேர்க்கச் சொன்னார்கள், நாங்கள் துருவுக்காகச் சேர்த்தோம் என்று சொல்லத் தோன்றும். அது எடுபடாது. பழைய ஆவணம் எந்தக் காரணத்துக்காகச் சேர்க்கச் சொன்னாலும், சேர்க்க ஒரு காரணம் இருந்தால் போதும். கண்டுபிடித்தவரின் காரணமும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

இனி அந்த "சுமார் 1 சதவீதம்". இதற்கு அச்சு அசலாக ஒரு வழக்கு உண்டு, 1997ல் வந்த கெய்ஸ்லர். அதுவும் பூச்சு பற்றியதே, பிரதிபலிக்கும் பொருளின் மேல் போடும் பாதுகாப்புப் படலம். விண்ணப்பதாரர் கேட்டது 50 முதல் 100 ஆங்ஸ்ட்ராம் (ஒரு மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு) தடிமன். பழைய ஆவணம், தகுந்த பாதுகாப்பு வேண்டுமானால் சுமார் 100 ஆங்ஸ்ட்ராமுக்குக் குறையக் கூடாது என்றது. எங்களை அந்தப் பக்கம் போகாதே என்று தடுத்த ஆவணம் இது என்று வாதாடினார்கள். நீதிமன்றம் ஏற்கவில்லை. 100 என்ற புள்ளியே இரண்டிலும் இருக்கிறது, "சுமார்" என்ற சொல் வேறு இருக்கிறது என்றது. தேய்மானத் தடுப்பு 26 சதவீதம் கூடியது என்றும் காட்டினார்கள். அது எதிர்பாராதது என்பதற்குச் சான்று எங்கே என்று கேட்டு அதையும் தள்ளிவிட்டது.

உங்கள் 0.8க்கும் அவர்களின் 1க்கும் நடுவே இடைவெளி இருக்கிறது, அந்த அளவுக்கு நீங்கள் கெய்ஸ்லரைவிட மேல். ஆனால் 1985ன் டைட்டானியம் மெட்டல்ஸ் வழக்கில் எல்லைகள் தொடவே இல்லாமல் பக்கத்தில் இருந்ததே போதுமானதாகிவிட்டது. அங்கே கேட்டது 0.8 சதவீத நிக்கலும் 0.3 சதவீத மாலிப்டினமும் உள்ள டைட்டானியக் கலவை. பழைய ரஷ்யக் கட்டுரையில் இருந்தது 0.75, 0.25. இவ்வளவு நெருக்கமாக இருந்தால் பண்பும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று துறையில் உள்ளவர் எதிர்பார்ப்பார், அப்படி இல்லை என்று காட்டுவது உங்கள் பொறுப்பு என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

ஆக, உங்களுக்கு மிஞ்சுவது நான்காவது மட்டும்தான், எதிர்பாராத முடிவு. அது பலவீனமான வாதம் என்று நினைக்காதீர்கள். வேதியியல் கலவைகளில் பெரும்பாலான காப்புரிமைகள் அந்த ஒரு காலில்தான் நிற்கின்றன. சோதனை முடிவுகளை எண்களோடு போடுங்கள், பார்க்கலாம்.

துருப்பிடிக்காதவன் பதில்:

நான் வழக்கறிஞன் இல்லை, பிரைமர் ஃபார்முலேஷன்தான் என் தொழில். மேலே சொன்னதோடு வேதியியல் பக்கத்திலிருந்து ஒரு எச்சரிக்கை.

சிலேன் அதிகமானால் கெடுக்கும் என்பது புதிய விஷயம் இல்லை. மெத்தாக்சித் தொகுதிகள் நீரில் பிரிந்து சிலனால் ஆகும், அது எஃகின் மேலுள்ள ஆக்சைடோடு கட்டிக்கொள்ளும், மறுமுனையிலுள்ள எபாக்சி வளையம் ஹார்டனரின் அமினோடு சேரும். இடைமுகத்தை மூட வேண்டிய அளவு கொஞ்சம்தான். அதற்கு மேல் போட்டால் சிலேன் தனக்குள்ளேயே கோத்துக்கொண்டு சிறு சிறு சங்கிலிகளாகி எஃகுக்கும் ரெசினுக்கும் நடுவே ஒரு பலவீனமான அடுக்காக நிற்கும். துறையில் எல்லோருக்கும் தெரிந்த கதை இது. அதனால் "குறைத்தோம், நன்றாக வந்தது" என்று மட்டும் சொன்னால், தெரிந்த காரணத்தால் வந்த தெரிந்த முடிவு என்று எக்ஸாமினர் அடுத்த கடிதத்தில் எழுதுவார். அதற்கு மூன்றாவதாக ஒரு ஆவணத்தைத் தேடி எடுப்பது அவருக்குச் சிரமமே இல்லை.

நான் கேட்க விரும்புவது வேறு. ஜிங்க் பாஸ்பேட் இல்லாமல், சிலேன் மட்டும் போட்டு இதே சோதனை செய்தீர்களா? இரண்டு ஆவணத்திலும் சேர்த்துக்கூட இல்லாதது அந்த இரண்டின் உறவுதான். ஜிங்க் பாஸ்பேட் துகளின் மேற்பரப்பும் சிலேனை இழுத்துக்கொள்ளும், அதனால் எஃகுக்குப் போய்ச் சேருவது நீங்கள் போட்ட அளவு இல்லை. இங்கே ஏதாவது நடந்திருந்தால் உங்கள் கண்டுபிடிப்பு அங்கேதான் இருக்கிறது, 0.3, 0.8 என்ற எண்களில் இல்லை.

அப்புறம், ஜிங்க் பாஸ்பேட்டை எடுத்த கலவையில் அந்த இடத்தில் எதைப் போட்டீர்கள் என்பதும் முக்கியம். ஒன்றுமே போடாவிட்டால் நிறமியின் கன அளவு விகிதம் இறங்கிவிடும், படலத்தின் நீர்புகும் தன்மையே மாறிவிடும், நீங்கள் ஒப்பிடுவது இரண்டு வேறு பெயிண்டுகளை. துருவைத் தடுக்காத ஃபில்லரான பேரைட்டை எடைக்கு எடை போட்டிருந்தாலும் தப்பு, ஏனென்றால் பேரைட் ஜிங்க் பாஸ்பேட்டைவிட அடர்த்தி கூடியது, அதே எடையில் கன அளவு குறைந்துபோகும். கன அளவுக்குக் கன அளவு மாற்றியிருக்க வேண்டும். உலர்ந்த படலத் தடிமன் எல்லாப் பேனலிலும் (பூச்சுப் போட்ட சோதனைத் தகடு) ஒன்றா என்றும் பாருங்கள். உப்புத் தெளிப்பில் பத்து மைக்ரான் வித்தியாசமே கதையை மாற்றும்.

நேர்கோடு பதில்:

கோரிக்கைவாசகன் சொன்னதில் பெரும்பகுதி சரி, ஆனால் எக்ஸாமினருக்கு அவர் நிறைய விட்டுக்கொடுக்கிறார் என்று எனக்குப் படுகிறது.

"வழக்கமான சோதனை வேலை" என்று சொல்லிவிட்டு நகர முடியாது. 1955ன் ஆலர் தீர்ப்பு, பொதுவான நிலைமைகள் தெரிந்திருக்கும்போது சிறந்த அளவைத் தேடிப்பிடிப்பது கண்டுபிடிப்பு ஆகாது என்றது, உண்மைதான். ஆனால் 1977ல் அன்டோனி வழக்கு அதற்கு ஒரு வரம்பு வைத்தது. எந்த அளவை மாற்றினால் எந்த முடிவு மாறும் என்பது முன்பே தெரிந்திருந்தால்தான் அதைத் திருகிப் பார்ப்பது வழக்கமான வேலை. இங்கே சிலேன் அளவு ஒட்டுதலை மாற்றும் என்று தெரியும். கீறலிலிருந்து துரு ஊர்வதை, அதுவும் ஜிங்க் பாஸ்பேட் பக்கத்தில் இருக்கும்போது மாற்றும் என்று எந்த ஆவணம் சொன்னது?

2017ன் ஸ்டெபன் வழக்கையும் பாருங்கள். கிளைஃபோசேட் களைக்கொல்லிக் கரைசலில் சர்பாக்டன்ட் கலவை பற்றியது. பல கூறுகள் சேர்ந்த கலவை, குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே கலங்கக் கூடாது என்று கோரிக்கை. தெரிந்த பொருள்களை வழக்கமாகச் சரிசெய்தால் இங்கே வந்து சேரும் என்று அலுவலகத்தின் மேல்முறையீட்டு வாரியம் சொன்னது. ஏன் வந்து சேரும், எந்த நம்பிக்கையில் ஒருவர் அந்தத் திசையில் போவார் என்று விளக்கவில்லை என்று நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்து திருப்பி அனுப்பியது. எக்ஸாமினரின் கடிதத்திலும் அந்த விளக்கம் இல்லை என்றால் அதைச் சுட்டிக்காட்டாமல் ஏன் விட வேண்டும்?

அலுமினியத்துக்கு எழுதிய ஆவணத்தை எஃகுக்கு இழுக்க முடியாது என்றும் ஒரு வரி போடலாம் என்று நினைக்கிறேன்.

கோரிக்கைவாசகன் பதில்:

ஸ்டெபனும் அன்டோனியும் பதிலில் வரட்டும், நேர்கோடு சொல்வதில் நியாயம் இருக்கிறது. அலுமினிய வாதம் மட்டும் வேண்டாம். இரண்டுமே உலோக ஆக்சைடின் மேல் எபாக்சியை ஒட்டவைக்கும் பிரச்சினைதான், அதே துறை. பலவீனமான வாதத்தைப் பலமானதன் பக்கத்தில் வைத்தால் படிப்பவர் பலவீனமானதற்கு முதலில் பதில் எழுதி, மற்றதைக் கடந்து போய்விடுவார். இதை நான் பல கோப்புகளில் பார்த்திருக்கிறேன்.

பூச்சுக்கூடம் பதில்:

எல்லோருக்கும் நன்றி. துருப்பிடிக்காதவன் சார் கேட்டதைப் படித்ததும் விண்ணப்பத்தின் ஒப்பீட்டு எடுத்துக்காட்டுகளை எடுத்து ஒன்றாக வைத்துப் பார்த்தேன். அவை வேறு வேறு பக்கங்களில் கிடந்தன, நாங்களே சேர்த்துப் படித்ததில்லை.

சோதனை ஏஎஸ்டிஎம் பி117, அதாவது 5 சதவீத உப்புக் கரைசல், 35 டிகிரி, 1000 மணி நேரம். கீறலிலிருந்து துரு ஊர்ந்த சராசரித் தூரத்தை ஏஎஸ்டிஎம் டி1654 முறையில் அளந்தோம். ஜிங்க் பாஸ்பேட் போட்ட கலவைகள் எல்லாவற்றிலும் அது 10 சதவீதம்.

ஜிங்க் பாஸ்பேட்டும் சிலேனும் இல்லாத பேனலில் 11 மி.மீ. ஜிங்க் பாஸ்பேட் மட்டும் போட்டால் 7. சிலேன் மட்டும் 0.5 சதவீதம் போட்டால் 9. இரண்டும் சேர்ந்தால் 2. பிறகு ஜிங்க் பாஸ்பேட்டோடு சிலேனை மாற்றிப் பார்த்தது: 0.3ல் 3, 0.8ல் 3, 1ல் 5, 2ல் 6. ஒவ்வொன்றிலும் மூன்று பேனல், ஒரே கலவையின் பேனல்களுக்குள் வித்தியாசம் 1 மி.மீ.க்கு மேல் போகவில்லை. ஜிங்க் பாஸ்பேட் இல்லாத கலவையில் அதே கன அளவு பேரைட் போட்டிருக்கிறோம். படலத் தடிமன் 70 முதல் 75 மைக்ரானுக்குள்.

ஜிங்க் பாஸ்பேட் இல்லாமல் 1 சதவீத சிலேனும் போட்டிருக்கிறோம், அதுவும் 9தான். அதாவது ஜிங்க் பாஸ்பேட் இல்லாதபோது 0.5க்கும் 1க்கும் வித்தியாசமே தெரியவில்லை.

துருப்பிடிக்காதவன் பதில்:

இந்தக் கடைசி வரியை ஏன் முதலிலேயே சொல்லவில்லை! நான் சொன்ன பலவீன அடுக்குக் கதை மட்டும் காரணமாக இருந்தால், ஜிங்க் பாஸ்பேட் இல்லாதபோதும் 1 சதவீதத்தில் முடிவு மோசமாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. அப்படியானால் துறையில் எல்லோருக்கும் தெரிந்த விளக்கம் உங்கள் முடிவை விளக்கவில்லை. அதிக சிலேன் ஜிங்க் பாஸ்பேட் துகளை மூடிப் பாஸ்பேட் கரைந்து வெளிவருவதைத் தடுக்கிறது என்பது என் ஊகம், ஆனால் அதை நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். வழக்கறிஞர் தரப்பு சொல்லட்டும்.

கோரிக்கைவாசகன் பதில்:

நிரூபிக்க வேண்டியதில்லை, சரி. ஏன் அப்படி நடக்கிறது என்று தெரியாமலே காப்புரிமை பெறலாம். ஊகத்தைப் பதிலில் எழுதவும் வேண்டாம், பின்னாளில் உங்களுக்கு எதிராகவே அது திரும்பும்.

இப்போது எண்களைப் பார்ப்போம். எதுவும் இல்லாதபோது 11. ஜிங்க் பாஸ்பேட் அதில் 4ஐக் குறைக்கிறது, சிலேன் 2ஐக் குறைக்கிறது. இரண்டும் தன் தன் வேலையை மட்டும் செய்தால் மிஞ்ச வேண்டியது 5. உங்களிடம் இருப்பது 2, பேனலுக்குப் பேனல் வித்தியாசமோ 1க்குள். இதுதான் உங்கள் வழக்கு. "முன்னேற்றம் வந்தது" என்பது ஒன்று, "துறையில் உள்ளவர் எதிர்பார்த்திருக்க முடியாத முன்னேற்றம் வந்தது" என்பது வேறு. கெய்ஸ்லர் தோற்றது இந்த இரண்டாவது இல்லாததால். உங்களிடம் எதிர்பார்ப்பு என்ன என்பதற்கே ஒரு எண் இருக்கிறது. ஜிங்க் பாஸ்பேட் இல்லாமல் 0.5ம் 1ம் ஒன்றாக இருப்பது அதற்கு மேல் ஒரு சான்று, இந்த உறவை எந்த ஆவணத்திலிருந்தும் ஊகிக்க முடியாது என்பதற்கு.

இதை வாதமாக மட்டும் எழுதினால் எடைபோட மாட்டார்கள். காப்புரிமை அலுவலகத்தின் விதி 132ன் கீழ் உறுதிமொழிப் பத்திரமாகத் தர வேண்டும். யார் செய்தார், எந்த எஃகு, மேற்பரப்பை எப்படித் தயார் செய்தார், எத்தனை நாள் உலர்த்தினார், எல்லாம் அதில் இருக்கட்டும். ஒப்பீடு மிக நெருங்கிய பழைய ஆவணத்தோடு இருக்க வேண்டும். அது உங்களுக்கு முதல் ஆவணம், அதாவது ஜிங்க் பாஸ்பேட் மட்டும் உள்ளது. எக்ஸாமினர் மனத்தில் சேர்த்துக்கொண்ட கலவையோடு ஒப்பிட வேண்டிய கட்டாயம் இல்லை, ஆனால் 1 சதவீதத்தில் 5 என்பது கையில் இருக்கும்போது அதையும் கொடுங்கள். இரண்டாம் ஆவணத்தின் கீழ் எல்லையை முதல் ஆவணத்தில் அப்படியே போட்டுப் பார்த்தாலும் உங்கள் முடிவு வராது என்பதை அது ஒரே அடியில் காட்டிவிடுகிறது.

எக்ஸாமினர் இன்னொன்று சொல்லக்கூடும். கலவையே எளிதில் தோன்றக்கூடியது, துரு ஊராதது அந்தக் கலவைக்கு இயல்பாகவே உள்ள பண்பு, அதை இப்போதுதான் கவனித்தீர்கள், அவ்வளவுதான் என்று. அதற்கு 1963ன் பேபெஷ் தீர்ப்பு. பொருளையும் அதன் பண்புகளையும் பிரித்துப் பார்க்க முடியாது, எளிதில் தோன்றுமா என்று கேட்கும்போது பண்பும் கணக்கில் வர வேண்டும்.

இனி ஓட்டை எங்கே என்று சொல்கிறேன். சிலேன் பக்கம் பரவாயில்லை, 0.3, 0.5, 0.8 மூன்றும் இருக்கின்றன, இரண்டு முனையும் நடுவும் மூடப்பட்டுவிட்டன. இது பெரிய பலம். 2003ன் பீட்டர்சன் வழக்கில் ஒரு உலோகக் கலவையில் ரீனியம் 1 முதல் 3 சதவீதம் என்று கேட்டுவிட்டு 2 சதவீதத்தில் கிடைத்த நல்ல முடிவை வைத்து வாதாடினார்கள், முழு எல்லைக்கும் அது பொருந்தும் என்று காட்டவில்லை என்று தோற்றார்கள். உங்கள் ஜிங்க் பாஸ்பேட் பக்கம் அதே நிலைமைதான். கேட்பது 5 முதல் 20, காட்டுவது 10 மட்டும்.

கடைசியாக ஒன்று, இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது. உங்கள் ஆய்வகத்தில் இதற்கு எதிரான முடிவு வேறு எங்காவது இருந்தால், கோரிக்கையின் எல்லைக்குள் இருந்தும் நன்றாக வராத பேனல் ஏதாவது இருந்தால், அதை இன்றே வழக்கறிஞரிடம் சொல்லுங்கள். காப்புரிமை அலுவலகத்திடம் நேர்மையாக இருக்க வேண்டிய கடமை விண்ணப்பதாரர்களுக்கும் உண்டு, வழக்கறிஞருக்கும் உண்டு. பொறுக்கியெடுத்த எண்களைப் பத்திரத்தில் போட்டு வாங்கிய காப்புரிமையை ஒரு வழக்கில் முழுவதுமாகச் செயலிழக்க வைக்க முடியும், ஒரு கோரிக்கை மட்டும் போகாது, மொத்தமும் போகும். அது தவிர, அப்படி வாங்குவது மற்ற ஃபார்முலேட்டர்களுக்குச் செய்யும் அநியாயம். அவர்களும் இதே சிலேனைத்தான் நாளை வாங்கிக் கலக்கப்போகிறார்கள்.

வெளியூர்க்கோப்பு பதில்:

இதே விண்ணப்பம் மற்ற நாடுகளுக்கும் போகிறது என்றால் சுருக்கமாக ஒரு குறிப்பு. ஐரோப்பிய அலுவலகத்தில் மிக நெருங்கிய ஆவணத்தை எடுத்து, அதிலிருந்து உங்கள் கலவை தீர்க்கும் தொழில்நுட்பப் பிரச்சினை என்ன என்று வகுத்து, துறையில் உள்ளவர் இதைச் செய்திருக்க முடியுமா என்று கேட்காமல், செய்திருப்பாரா என்று கேட்பார்கள். அந்தப் பிரச்சினையை "ஒட்டுதலைக் கூட்டுவது" என்று வகுக்க விட்டால் போச்சு, இரண்டாம் ஆவணம் நேராக விடையாகிவிடும். "கீறலிலிருந்து துரு ஊர்வதைக் குறைப்பது" என்று எண்களோடு வகுத்தால் இரண்டாம் ஆவணத்துக்கு அங்கே வேலை இல்லை. பலன் கோரிக்கையின் முழு எல்லையிலும் நம்பும்படி இருக்க வேண்டும் என்பதை அங்கேயும் கறாராகப் பார்ப்பார்கள்.

இந்தியாவில் எளிதில் தோன்றுமா என்பதற்கு முன்னாலேயே இன்னொரு சுவர் இருக்கிறது. காப்புரிமைச் சட்டம் 3(உ) பிரிவு, அதாவது மூன்றாம் பிரிவின் ஐந்தாவது உட்பிரிவு. கூறுகளின் பண்புகள் வெறுமனே கூடி நிற்கும் கலவைக்குக் காப்புரிமை இல்லை. எதிர்பார்க்க வேண்டியது 5, கிடைத்தது 2 என்ற அதே கணக்குதான் அங்கேயும் உங்களைக் காப்பாற்றும்.

பூச்சுக்கூடம் பதில்:

எதிரான முடிவு எதுவும் மறைத்து வைக்கவில்லை, நோட்டுப் புத்தகங்கள் முழுவதையும் வழக்கறிஞரிடமே கொடுத்துவிடுகிறேன். இரண்டு சந்தேகம். ஜிங்க் பாஸ்பேட்டைச் சோதிக்காமல் கோரிக்கையை 10 சதவீதத்தைச் சுற்றிச் சுருக்கிக்கொண்டால் போதாதா? இரண்டாவது, அமினோ சிலேனையும் சேர்த்து ஒரு சார்புக் கோரிக்கை (முதல் கோரிக்கையைச் சார்ந்து எழுதியது) இருக்கிறது, அதைச் சோதித்ததில்லை. என்ன செய்யலாம்?

நேர்கோடு பதில்:

சுருக்கலாம், ஆனால் நினைத்த எண்ணுக்கெல்லாம் சுருக்க முடியாது, புதிய எல்லைக்கு விண்ணப்பத்திலேயே ஆதாரம் வேண்டும். 1976ன் வெர்தைம் வழக்கில் 25 முதல் 60 சதவீதம் என்று எழுதி, 36, 50 என்று எடுத்துக்காட்டுகள் கொடுத்திருந்தார்கள், பிறகு 35 முதல் 60 என்று சுருக்கியதை நீதிமன்றம் ஏற்றது. உங்களுக்கு 10 என்ற ஒரே புள்ளி. விவரிப்பில் "விரும்பத்தக்கது 8 முதல் 12" என்பது போல ஏதாவது வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அதைப் பிடித்துக்கொள்ளலாம்.

அமினோ சிலேன் கோரிக்கையை இந்த விண்ணப்பத்திலிருந்து எடுத்துவிடுவது நல்லது. அதற்கு உங்களிடம் எண் இல்லை. அது இருக்கும் வரை, எதிர்பாராத முடிவு இந்தக் குடும்பம் முழுவதற்கும் பொருந்தவில்லை என்று எக்ஸாமினர் சொல்ல ஒரு பிடி இருக்கும். முதல் கோரிக்கையில் கிளைசிடாக்சி சிலேன் என்று பெயர் சொல்லியே இருப்பதால் அது பாதிக்கப்படாது. இதே விவரிப்பை வைத்துப் போடும் தொடர் விண்ணப்பம் ஒன்றில் அமினோவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதல் விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போதே அதைப் போட்டுவிட வேண்டும்.

துருப்பிடிக்காதவன் பதில்:

சுருக்குவதற்கு முன்னால் 5லும் 20லும் பேனல் போடுங்கள் என்பதே என் யோசனை. பதில் எழுத மூன்று மாதம், கட்டணம் கட்டினால் ஆறு மாதம் வரை நீட்டலாம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். 1000 மணி நேரம் என்பது ஆறு வாரம். உலர்த்தும் நாளையும் சேர்த்தால்கூட இந்த வாரம் கலந்தால் நேரம் இருக்கிறது.

கோரிக்கைவாசகன் பதில்:

கால அளவு சரிதான். முதல் மூன்று மாதத்துக்குள் பதில் தந்தால் நீட்டிப்புக் கட்டணமும் இல்லை. விண்ணப்பம் போட்ட பிறகு செய்த சோதனையையும் பத்திரத்தில் ஏற்பார்கள், ஆனால் அதை விண்ணப்பத்துக்குள் புதிதாக எழுதிச் சேர்க்க முடியாது. 5லும் 20லும் நன்றாக வந்தால் கோரிக்கை அப்படியே நிற்கட்டும். 20ல் வரவில்லை என்றால் அதையும் சொல்லிவிட்டு, விவரிப்பில் ஆதாரம் உள்ள எண் வரைக்கும் மேல் எல்லையை இறக்குங்கள்.

துருப்பிடிக்காதவன் பதில்:

அப்படியானால் பேனல் திட்டம் இது. 5, 20 இரண்டிலும் சிலேன் 0.3, 0.8, 1. ஒவ்வொரு ஜிங்க் பாஸ்பேட் அளவுக்கும் சிலேன் இல்லாத பேனல் ஒன்று. சிலேன் மட்டும் உள்ளதையும் எதுவும் இல்லாததையும் பழைய எண்ணை எடுத்துப் போடாமல் இந்தத் தடவையும் கூடவே போடுங்கள், அதே தகடு, அதே பெட்டி, அதே நாள். 20ல் பேரைட்டைக் கன அளவுக்குக் கன அளவு குறைத்து மொத்த நிறமிக் கன அளவை 10ல் இருந்தபடியே வையுங்கள். இல்லையென்றால் பைண்டர், அதாவது ரெசின், நிறமித் துகள்களின் இடைவெளியை நிரப்பப் போதாத கட்டத்துக்கு அருகே போய்விடுவீர்கள், அங்கே எந்தப் பிரைமருக்கும் துரு ஊரும், அதற்கும் சிலேனுக்கும் சம்பந்தம் இருக்காது. என் கணிப்பில் 5ல் சிறந்த சிலேன் அளவு கொஞ்சம் இறங்கும், 20ல் கொஞ்சம் ஏறும். அப்படி வந்தால் சிலேனுக்கும் ஜிங்க் பாஸ்பேட்டுக்கும் உள்ள எடை விகிதத்தையே ஒரு சார்புக் கோரிக்கையாக வைக்க முடியுமா என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள். எடுத்துக்காட்டுகளில் 10க்கு 0.3, 0.5, 0.8 என்று இருப்பதால் விகிதம் 0.03 முதல் 0.08 வரை ஏற்கெனவே விண்ணப்பத்துக்குள் இருக்கிறது.